27-ஆம் சாவடியின் பதினான்கு சீட்டுகள்

பதினொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அறுபத்தோராயிரம் பேர் வாக்களித்த இந்தத் தொகுதியில், வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான். ஒரு வேனில் ஏற்றினால் இருக்கை மிச்சமாகும்.

வென்றவர் மருந்துக்கடை முதலாளி. அன்று முதல் ஊரில் அவருக்குப் பெயர் 'பதினொண்ணு'. தோற்றவர் அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு: பதினான்கு. வாக்கு எண்ணிய அன்று, பெண்கள் பள்ளியில் இருந்த 27-ஆம் சாவடியின் பெட்டியைக் கவிழ்த்தபோது, பதினான்கு சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே தேர்தல் அலுவலகத்தின் சீல் இருக்க வேண்டும். சீல் இல்லாத சீட்டு செல்லாது. அவற்றைத் தனித் தட்டில் வைத்தார்கள். மேசையைச் சுற்றி நின்ற எல்லாக் கட்சிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பதின்மூன்று நர்ஸம்மாவுக்கு விழுந்தவை, ஒன்று மருந்துக்கடைக்காரருக்கு. அவற்றையும் சேர்த்திருந்தால் நர்ஸம்மா ஒரே ஒரு வாக்கில் வென்றிருப்பார். அன்று மாலைக்குள் ஊரில் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்த பெண்ணைப் பற்றியது இது.

அவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரில், ஒரே கண்ணாடிக்குப் பின்னால், முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறார். புதிய இணைப்பு, பெயர் மாற்றம், குழாய் பழுது என்று எந்தப் படிவம் வந்தாலும் அவர் படித்து சீல் குத்தினால்தான் உள்ளே போகும். மேசையில் ஒரு மரச்சட்டம். அதில் ஆறு சீல்கள் தொங்கும். 'பெறப்பட்டது', 'சரிபார்க்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' மூன்றையும் அவர் கை பார்க்காமலே எடுக்கும். அலுவலகத்தில் பியூன் முதல் பொறியாளர் வரை அவரைக் கூப்பிடுவது 'சீலக்கா' என்றுதான்.

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். வாய் சும்மா இருக்காது. "தூக்கத்துல என் முதுகுல ரெண்டு தடவை குத்திட்டா. ஏத்துக்கிட்டாளா, நிராகரிச்சுட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல" என்று டிப்போவில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

தேர்தல் வந்தால் அரசு அலுவலகங்களிலிருந்து ஆள் எடுப்பார்கள். சீலக்கா ஐந்து தேர்தல்களில் வேலை பார்த்திருக்கிறார். அவற்றில் மூன்றில் அவருடன் அதே மேசையில் உட்கார்ந்தவர் தபால்காரர். வயதில் பத்து ஆண்டு மூத்தவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சிலும் ஆறு அங்குல மர அளவுகோலும் இருக்கும். வேலையில் இருந்தபோது ஒரு கடிதத்தைக்கூடத் தவறான வீட்டில் போட்டதில்லை என்பது அவரே சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. ஓய்வு பெற்ற பிறகும் தேர்தல் வேலைக்கு விண்ணப்பம் போட்டு வந்தார்.

மேசையில் இரண்டு வேலைகள். ஒருவர் வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடி, உரக்கப் படித்து, கோடு போடுவார். மற்றவர் சீட்டைக் கிழித்து, பின்னால் சீல் குத்தி, மடித்துக் கொடுப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலி மாறிக்கொள்ள வேண்டும். யார் எப்போது எங்கே என்பது காலையிலேயே ட்யூட்டி சார்ட்டில் எழுதப்பட்டுவிடும். சாவடியின் தலைமை அலுவலர் அதில் கையெழுத்துப் போட்டுச் சாவடி டைரியில் ஒட்டிவிடுவார்.

சீல் வாக்காளர் கண் முன்னால் குத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில் நாற்பது ஐம்பது சீட்டுகளை முன்கூட்டியே குத்தி அடுக்கிவைப்பது பல சாவடிகளில் நடப்பதுதான். வரிசை வேகமாக நகரும், கால் வலியோடு நிற்பவர்களுக்கு நல்லது. சீலக்கா அப்படிச் செய்பவர். தபால்காரருக்கு அது பிடிக்காது. முந்தைய தேர்தலில் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: "சீலு வந்தவங்களுக்குப் போடறதும்மா. வரப்போறவங்களுக்குப் போடறது இல்ல. இன்னொரு தடவை பாத்தேன்னா சார்கிட்ட சொல்லிருவேன்."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தத் தேர்தல் நாளில் பதினொன்று முதல் ஒரு மணி வரை சீல் நாற்காலி சீலக்காவுடையது. பன்னிரண்டரைக்கு வரிசை காலியானது. தபால்காரர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீலக்கா எண்பது சீட்டுகளைக் கிழித்தார். நாற்பதுக்குச் சீல் குத்தி இடது பக்கம் வைத்தார். குத்தாத நாற்பது வலது பக்கம். தலைமை அலுவலர் ஒரு சுற்று வந்தார். சீலக்கா சட்டென்று சீல் குத்திய கட்டை ஒரு கோப்புக்குக் கீழே தள்ளினார். அலுவலர் போனபின் எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்தது வலது பக்கம்; அங்கே இருந்த குத்தாத கட்டு இடது பக்கம் நகர்ந்தது.

மணி ஒன்றாயிற்று. நாற்காலி மாறினால் தபால்காரர் அந்தக் கட்டைப் பார்ப்பார். "அண்ணே, நர்ஸுங்க ஷிஃப்ட் முடிஞ்சு கூட்டமா வருவாங்க. அது வரைக்கும் நானே பாத்துடறேன், அப்புறம் மாறிக்கலாம்" என்றார் சீலக்கா. தபால்காரர் தலையாட்டினார்.

ஒன்று பத்துக்கு மருத்துவமனைச் செவிலியர்கள் சீருடையோடு வந்தார்கள். பதினான்கு பேர். காலை ஆறு மணி முதல் நின்ற கால்கள். சீலக்காவின் கை இடது பக்கம் போனது, மடித்தது, கொடுத்தது. கடைசி ஆள் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போனபின், ஏனென்று தெரியாமல், இடது கட்டின் மேல் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வெறும் தாள். எண்ணினார். இருபத்தாறு. வலது கட்டில் நாற்பது, எல்லாவற்றிலும் சீல்.

அந்த நிமிடம் தலைமை அலுவலரிடம் சொல்லியிருந்தால் அவர் டைரியில் ஒரு வரி எழுதியிருப்பார். அலுவலர் தவறால் சீல் விடுபட்டது என்று டைரியில் பதிவு இருந்தால் அந்தச் சீட்டு செல்லும். விதியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். சீலக்கா சொல்லவில்லை. சொன்னால் முன்கூட்டிக் குத்திய கதையும் வெளியே வரும். வலது கட்டின் நாற்பதையும், பிறகு மிச்ச இருபத்தாறையும் சீல் குத்தி, வேகமாகக் கொடுத்து முடித்தார். ஒன்று நாற்பதுக்கு நாற்காலி மாறினார்கள்.

பதினொன்று, பதினான்கு என்று ஊர் பேசத் தொடங்கியபின் விசாரணை வந்தது. மூன்று மாதம் கழித்து. செவிலியர்கள் வந்தது ஒரு மணிக்கு மேல் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒன்று முதல் மூன்று வரை சீல் நாற்காலி யாருடையது? சார்ட்டில் தபால்காரர் என்று இருந்தது. கீழே தலைமை அலுவலரின் கையெழுத்து. அவர் சார்ட்டின்படிதான் நடந்தது என்றார்; தன் கையெழுத்தைத் தானே பொய்யாக்க யாருக்கு மனம் வரும்? சீலக்காவைக் கேட்டார்கள். "சரியா ஞாபகம் இல்லைங்க சார்" என்றார். தபால்காரரைக் கேட்டார்கள். அவர் சார்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "சார்ட்டு அப்படிச் சொல்லுதுன்னா, நானாத்தான் இருக்கணும்" என்றார்.

தேர்தல் பணியாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். இனித் தேர்தல் வேலை இல்லை. அவ்வளவுதான் தண்டனை. நர்ஸம்மா வழக்குக்குப் போகவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

சீலக்கா மறுநாளும் மூன்றாம் கவுன்டரில் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும்.

இந்த ஆண்டு ஒரு புதன்கிழமை 'பதினொண்ணு' பதவி விலகினார். அவைத்தலைவருக்கு இரண்டு வரிக் கடிதம். துறைமுக வாரியத் தலைவர் பதவி கிடைத்திருந்தது. அதையும் உறுப்பினர் பதவியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. "நம்ம பதினொண்ணு ஆல் அவுட்டுப்பா" என்றார் டீக்கடையில் ஒருவர். மருந்துக்கடை வாசலில் நிருபர்கள் அவரை மறித்துக் கேட்டார்கள். "வாரியம் பெரிய பதவியா, சின்னப் பதவியான்னு எனக்குத் தெரியாது. அங்க யாரும் என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இடைத்தேர்தல் அறிவித்தார்கள். ஐந்து வேட்பாளர்கள். சுவரெல்லாம் புது முகங்கள், காலையிலிருந்து ஒலிபெருக்கி வேன்கள். இம்முறை நர்ஸம்மாவின் முகம் எந்தச் சுவரிலும் இல்லை. கட்சிக்காரர்கள் போய்க் கேட்டார்களாம். ஒரு தடவை தோற்றது போதும் என்றாராம்.

வாக்குப்பதிவுக்குப் பதின்மூன்று நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, சீலக்காவுக்கு அரசு முத்திரையிட்ட உறை வந்தது. சாவடி எண் 27. பொறுப்பு: தலைமை அலுவலர். பதவி உயர்வுதான். அலுவலகத்தில் கை குலுக்கினார்கள். "அக்கா, இனிமே நீங்க குத்த வேணாம், குத்தறவங்களைப் பாத்துக்கிட்டா போதும்" என்றார் இரண்டாம் கவுன்டர்க்காரர். சீலக்கா உறையை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தபால்காரரின் மனைவி நின்றார்.

"நீதான் இந்தக் கவுன்டராம்மா? நல்லதாப் போச்சு. தண்ணி கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தணும்."

"வாங்க அண்ணி. அண்ணன் நல்லா இருக்காரா?"

அண்ணி படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். பெயர் மாற்றப் படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. உருண்டையான எழுத்து, அளவுகோல் வைத்தாற்போல் ஓரம். காரணம் என்ற இடத்தில்: 'இணைப்பு உரிமையாளருக்கு நினைவாற்றல் குறைந்துவிட்டதால்.'

"யாரு அண்ணி எழுதினது?"

"அவரேதான். எதுக்குங்க இப்ப இதெல்லாம்னு கேட்டேன், காதுல வாங்கல. ஒண்ணொண்ணா என் பேருக்கு மாத்திட்டு வர்றாரு. பேங்க்கு முடிஞ்சுது. கேஸ் முடிஞ்சுது. தண்ணிதான் பாக்கி."

"அண்ணனுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. அதாம்மா பிரச்சினையே. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பாத்துட்டு, என் மூளையைவிட உங்க மூளை நல்லா இருக்கு, போய்ட்டு வாங்கன்னாரு. இவரு நம்பணுமே. பதினாலு பேருக்கு என் கையால வெத்துத் தாளைக் குடுத்திருக்கேன், குடுத்ததுகூட ஞாபகம் இல்ல, இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்ங்கறாரு. சைக்கிளை வித்தாச்சு. தனியா பஸ் ஏற மாட்டாரு. அடுப்பை அணைச்சா நேரம் போட்டு சுவத்துல ஒட்டுறாரு. அந்தச் சீட்டு விவகாரத்துக்குப் பிறகு மனுஷன் வீட்டுக்குள்ளயே ரிட்டயர் ஆயிட்டாரு."

சீலக்காவின் கையில் 'சரிபார்க்கப்பட்டது' இருந்தது. மையில் தொட்டாகிவிட்டது. படிவத்தில் ஒரு பிழையும் இல்லை, நிராகரிக்கவும் வழியில்லை. பின்னால் நின்றவர் இருமினார். சீலக்கா சீலைத் துடைத்துச் சட்டத்தில் மாட்டினார்.

"அண்ணி, இதை இன்னிக்குப் போட முடியாது. என் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு. நாளைக்குக் காலையில நானே வீட்டுக்குக் கொண்டு வர்றேன். பத்து மணிக்கு வரட்டுமா?"

"வா. அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன். எழுதி ஒட்டிக்குவாரு."

அன்று மாலை கணவர் வேலை முடிந்து வந்து கை கால் கழுவியதும், சீலக்கா அவரை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு ஆண்டில் முதல் தடவை. ஓட்டுநர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லல நீ."

"யார்கிட்டயும் சொல்லலைங்க."

"சர்வீஸ் இன்னும் நாலு வருஷம். சொன்னா சஸ்பெண்டு பண்ணுவாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"நீ சொல்றதால அந்தத் தேர்தல் மாறிடுமா? ஜெயிச்சவரே வேணாம்னு போயிட்டாரு."

"தேர்தலைப் பத்தி இல்லைங்க. அந்த மனுஷன் தன் தலையே சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அன்னிக்கு அந்த நாற்காலியில இருந்தது அவரு இல்லன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

தெருவில் ஒரு வேட்பாளரின் வேன், பொன்னான வாக்கு என்று கத்திக்கொண்டு போனது. அது ஓயும்வரை ஓட்டுநர் காத்திருந்தார்.

"வண்டி இடிக்கிறது வேற. இடிச்சுட்டு நிறுத்தாமப் போறது வேற. டிப்போல ரெண்டுக்கும் தனித்தனி ரிப்போர்ட்டு. முதல்ல சொன்னதுக்கு எழுதிக் குடுத்துட்டு அடுத்த நாளே வண்டி எடுத்தவங்க உண்டு. ரெண்டாவதுக்கு அப்படி யாரையும் நான் பாத்ததில்ல." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "போய்ச் சொல்லு."

தபால்காரர் வீடு ஒரு தையற்கடைக்கு மேலே இரண்டு அறை. படியேறும்போதே தையல் எந்திரத்தின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வரும். கதவைத் திறந்த அண்ணிக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தாள்கள். 'அடுப்பு அணைத்தது 8.40.' 'மாத்திரை சாப்பிட்டது 9.05.' 'பத்து மணிக்கு சீலக்கா, தண்ணீர்ப் படிவம்.' எல்லாம் பென்சிலில், ஓரம் நேராக.

தபால்காரர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரியா வந்திருக்கே. உக்காரும்மா. படிவத்துல ஏதும் தப்பு விட்டுட்டேனா?"

"நீங்க விடல அண்ணே."

சீலக்கா சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். முன்கூட்டிக் குத்தியது, கோப்புக்குக் கீழே ஒளித்தது, பக்கம் மாறியது, நாற்காலி மாறாமல் இழுத்தடித்தது, விசாரணையில் ஞாபகம் இல்லை என்றது. சொல்லி முடித்ததும் கீழே எந்திரம் நின்றிருந்தது தெரிந்தது.

தபால்காரர் குறிப்பேட்டை எடுத்தார். பென்சிலை எடுத்தார்.

"நர்ஸுங்க எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"ஒண்ணு பத்து."

"நாம எப்ப மாறினோம்?"

"ஒண்ணு நாப்பது."

எழுதினார். "ஒண்ணு பத்துக்கு நான் எங்க இருந்தேன்?"

"லிஸ்ட்டுல. எனக்கு இடது கைப் பக்கம். அளவுகோலை வச்சுக் கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு நர்ஸு பேரு ரெண்டு இடத்துல இருக்குதுன்னு நிறுத்திக் கேட்டீங்க."

பென்சில் நின்றது.

"அப்பா பேரு வேற வேற" என்றார் தபால்காரர், மெதுவாக. "ஒண்ணு பக்கத்தோட மேல. இன்னொண்ணு அடுத்த பக்கத்துல, கீழேருந்து நாலாவது. நான் அந்தப் பொண்ணுகிட்ட வீட்டு நம்பர் கேட்டேன்."

"ஆமா அண்ணே. கேட்டீங்க."

"அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. விசாரணை அன்னிக்கும் ஞாபகம் இருந்துச்சு." குறிப்பேட்டை மூடினார். "லிஸ்ட்டுல உக்காந்திருந்தேன்னு என் தலை சொல்லுது. சீல்ல உக்காந்திருந்தேன்னு சார்ட்டு சொல்லுது. கையெழுத்துப் போட்ட சார்ட்டு. தலைதான் தப்புன்னு வச்சுக்கிட்டேன். நாப்பது வருஷம் உறையில எழுதினதை நம்பித்தான் நடந்தேன். எழுதினதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அண்ணி அடுப்பு மேடைக்கு அருகில் நின்றிருந்தார்.

"ரெண்டு வருஷமா இந்த அடுப்பை நான் நாளைக்கு எட்டுத் தடவை பாத்தேன்" என்றார் அண்ணி. "அணைஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் வா, வந்து பாருங்கறாரு. போய்ப் பாப்பேன். நேத்து உன் கவுன்டர்ல நின்னு இதைத்தான் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த."

"ஆமா அண்ணி."

"என்னை அண்ணின்னு கூப்பிடாதேன்னு சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல."

சீலக்கா தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்டார். தபால்காரர் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. "இப்ப சொன்னதை எல்லாம் தேர்தல் ஆபீஸுக்கு எழுதிக் குடு" என்றார். "எனக்கு ஒரு நகல். சீலோட." கை நீட்டினார். "அந்தப் படிவத்தைக் குடுத்துட்டுப் போ."

டீ கேட்கவில்லை, வாசல்வரை வரவில்லை. சீலக்கா படியிறங்கும்போது பின்னால் தாள் கிழியும் சத்தம் ஒன்று கேட்டது. சுவர்த் தாளா, படிவமா என்று அவருக்குத் தெரியாது.

அன்று நண்பகலே தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். தேர்தல் நடத்தும் அதிகாரி புதியவர், முப்பத்தைந்து வயதுப் பெண். அவர் மேசையில் பூட்டும் அரக்கும் நூலும் பரவிக் கிடந்தன. நான்கு பக்க வாக்குமூலத்தை நின்றபடியே படிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை வச்சு நான் என்ன செய்ய முடியும்னு நினைக்கிறீங்க? வழக்குப் போட இருந்த கெடு போன தேர்தல் முடிஞ்ச ரெண்டாவது மாசமே தீந்துபோச்சு. ஜெயிச்சவர் ராஜினாமா பண்ணிட்டாரு. தோத்தவங்க ஊரையே விட்டுட்டாங்க. எதையும் திருப்ப முடியாது."

"தெரியும் மேடம். அந்த ஒரு பேரை மட்டும் திருப்பலாம்."

அதிகாரி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பதினொரு நாள்ல ஓட்டுப்பதிவு. இருபத்தேழுக்கு நீங்கதான் தலைமை அலுவலர். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அன்னிக்கு அந்த நாற்காலியில நீங்க உக்காந்திருப்பீங்க."

"அதனாலதான் மேடம் வந்தேன்."

அதிகாரி ஒரு கோப்பை வரவழைத்தார். 27-க்கு எதிரே இருந்த பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். வாக்குமூலத்தின் நகல் ஒன்று குடிநீர் அலுவலகத்துக்கு, ஒன்று தபால்காரருக்கு, ஒன்று நர்ஸம்மாவுக்கு என்று ஓரத்தில் குறித்தார். மூன்றிலும் சீல் வைக்கச் சொன்னார்.

நர்ஸம்மாவிடமிருந்து ஐந்து நாளில் தேர்தல் அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. 'நகல் கிடைத்தது.' கீழே கையெழுத்து. வேறொன்றும் இல்லை. சீலக்கா அதைப் பார்க்க நேர்ந்தது, சாவடிப் பொறுப்பிலிருந்து நீக்கிய உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துப் போட அவரை அங்கே அழைத்தபோது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முகவரி மட்டும்.

தபால்காரரின் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறியது. 27-ஆம் சாவடியில் ஒரு நாற்காலி காலி, வருகிறீர்களா என்று தொலைபேசியில் கேட்டார்கள். எழுத்தில் வேண்டும் என்றாராம். எழுத்தில் கொடுத்தார்கள். "ட்யூட்டி சார்ட்டுல நாற்காலி மாறினா, மாறின நேரத்தையும் எழுதணும். அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?" என்று அடுத்துக் கேட்டாராம். கட்டம் இல்லை. இந்தச் சாவடிக்கு மட்டும் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை. சீலக்காவின் வாக்கும் 27-ஆம் சாவடியில்தான். மாலை நான்கு மணிக்குப் போனார். அவர் செய்தது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தினார்கள். ஓட்டுநர் மனைவிக்குப் பின்னால் நின்றார். "பரவாயில்ல, முன்னால பாத்து நட" என்றார்.

அதே வகுப்பறை, அதே நீல மேசை. மேசைமேல் திறந்திருந்த டைரியில் புதுச் சார்ட். பேனாவால் போட்ட கட்டத்தில் மூன்று வரிகள் ஏற்கெனவே எழுதியிருந்தன, நிமிடம் முதற்கொண்டு.

பட்டியலில் இருந்த புதியவர் சீலக்காவின் பெயரைப் படித்துக் கோடு போட்டார். சீல் நாற்காலியில் தபால்காரர். அவர் முன்னால் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. கிழித்து வைத்த கட்டு எதுவும் இல்லை. ஒரு சீட்டைக் கிழித்தார். திருப்பினார். சீலை மையில் தொட்டு, தாளில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். எடுத்து, பின்பக்கத்தைச் சீலக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார், மை உலரும்வரை. ஊதா வட்டம், ஓரம் எங்கும் சிதையவில்லை.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றார். அன்று வந்த எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி, அதே மரியாதை.

"பாத்துக்கிட்டேன் அண்ணே."

மடித்துக் கொடுத்தார். "அடுத்தவங்க."

பள்ளி வாசலில் மருந்துக்கடை முதலாளியின் கார் நின்றிருந்தது. அவரும் வாக்களிக்க வரிசையில் நின்றிருந்தார். பக்கத்தில் யாரோ அவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள்.

வாக்கு எண்ணிக்கை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. சீலக்கா மீதான துறை விசாரணை வியாழக்கிழமை பத்தரை மணிக்கு. முதல் சாட்சியாகத் தபால்காரரை அழைத்திருக்கிறார்கள். தனியாகப் பேருந்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.